பழைய டிராக்டர் வாங்குனா முதல்ல ஏர் கிளீனரைப் பாருங்க
பழைய மாஸி 1035 மாதிரி வண்டி வாங்குனவங்க இன்ஜின் ஆயிலை மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க, ஆனா புழுதி உழவு ஓட்டுற வண்டிக்கு, இன்ஜினுக்குள்ள போற காத்துல இருக்குற புழுதியை ஆயில்ல புடிச்சு நிறுத்துற ஏர் கிளீனர்தான் உசுரு. அடியில இருக்குற கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க, ஆயில் சேறாட்டம் கெட்டியா இருந்தா கொட்டிட்டு டீசல்ல கழுவி, கோடு போட்டிருக்குற அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊத்துங்க, தாண்டுனா இன்ஜின் அதையும் சேத்து இழுத்துடும். கோடை உழவுல இதை தினமும் பாக்கணும்.

அப்புறம் டீசல் ஃபில்டர் மாத்துனா டீசல் லைன்ல ஏர் புடிச்சுக்கும், ஸ்டார்ட் ஆகாது, அதுக்காக பேட்டரி இறங்குற வரைக்கும் செல்ஃப் அடிக்காதீங்க ப்ளீஸ். ஃபில்டர் மேல இருக்குற ஏர் போல்ட்டை லேசா லூஸ் பண்ணிட்டு டீசலைத் தள்ளுற கைப்பம்ப்பை அடிச்சுக்கிட்டே இருங்க, நுரை நின்னு வெறும் டீசல் வரும்போதே டைட் பண்ணிடுங்க. ரேடியேட்டர் தண்ணியை காலையில வண்டி சூடாகுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, சூட்டுல மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்.