மாத்திரையே தலைவலி ஆகும்போது

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வெயிலும் ஹாரனும் சேர்ந்தால் மைக்ரேன்காரர்களுக்குத் தலை தெறிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடிக்கும், குமட்டும், வெளிச்சமே ஆகாது. கவனிக்காமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் படுத்தும். டென்ஷன் தலைவலி இரு பக்கமும் இறுக்கும், ஆனாலும் வேலை ஓடும்.

பெங்களூருவில் நம்மவர்கள் பலர் பார்க்கத் தவறுவது மாத்திரைக் கணக்கை. பாராசிட்டமால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையோ மைக்ரேனுக்குத் தரும் டிரிப்டான் வகை மருந்தோ 10 நாளோ அதற்கு மேலோ என 3 மாதம் தாண்டினால், மருந்தே தலைவலியைக் கிளப்பிவிடும். நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடும். அங்கேதான் பலர் மறுபடி அட்டையைப் பிரிக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டே நிறுத்துங்கள். மாத்திரை போட்ட நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள், அவருக்குப் பாதி வேலை முடியும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி என்றால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.