முதல் இறக்கம் சவ்வுடையதல்ல

சவ்வின் மின்னழுத்தத்தை அளக்க மீன் முட்டைக்குள் கண்ணாடி மின்முனையை இறக்கும்போது திரையில் கோடு முதலில் இறங்கினால், சவ்வைத் தொட்டுவிட்டோம் என்றே கை நம்பும். அங்கேதான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

தண்ணீர் பட்டதும் முட்டையின் ஓடு உப்பி விலக, ஓட்டுக்கும் சவ்வுக்கும் நடுவில் திரவம் நிறைகிறது. எதிர்மின் சுமையுள்ள பெரிய மூலக்கூறுகள் அதில் அடைபட்டுக் கிடப்பதால், அயனி குறைந்த நீரில் அந்த இடைவெளியே எதிர் மில்லிவோல்ட் காட்டும். இதுதான் டானன் மின்னழுத்தம். வெளிநீரில் கால்சியம் கூடினால் இது சுருங்கும். அதைப் பார்த்து "கால்சியம் சவ்வை மாற்றியது" என்று எழுதிவிடுவது எளிது.

மதுரையில் இந்தக் குழப்பத்துக்கு நீரே துணை. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவது அரிதல்ல, ஆர்.ஓ. நீரிலோ கால்சியம் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, வரிக்குதிரை மீன் முட்டைக்கு இ3 என்னும் வளர்ப்புக் கரைசலையே பயன்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு சோடியம் குளோரைடு 292 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 13, இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 49, ஏழு நீர் கொண்ட மக்னீசியம் சல்பேட் 81. கால்சியம் குளோரைடு புட்டி ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தராசு சொல்வதை நம்ப முடியாது. அடர்கரைசலாக வைத்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கொண்டு அளவிட்டுவிடுவது நல்லது.

மின்முனையில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. முனையின் சொந்த மின்தடையை முன்பே ஈடுகட்டிவிட்டு, முதல் இறக்கத்தில் சிறு மின்துடிப்பு அனுப்பிப் பாருங்கள். கோடு அசையாவிட்டால் முனை இடைவெளியில்தான் நிற்கிறது. இன்னும் தள்ள, சவ்வு குழிந்து மெல்ல உள்வாங்கும். மேடையை விரலால் இலேசாகத் தட்டினால் முனை உள்ளே போகும். இரண்டாவது இறக்கம் தெரியும், துடிப்பும் விரிந்து தெரியும். அதுதான் சவ்வு.

கால்சியமே இல்லாத கரைசலில் ஊசியைச் சுற்றிச் சவ்வில் விழுந்த துளை மூடாது. மின்னழுத்தம் பூஜ்ஜியத்தை நோக்கி வழியும், மின்தடையும் விழும். இது கசிவு, இதைச் சவ்விலுள்ள அயனி வழிகளின் குணமாகப் படிப்பது முட்டைக்குச் செய்யும் அநியாயம். மிச்சக் கால்சியத்தைப் பிடிக்க ஈ.ஜி.டி.ஏ. சேர்த்தால் கரைசல் அமிலமாகும், பி.எச். மறுபடி சரிசெய்ய வேண்டும். கால்சியம் இருந்தால் வேறு சங்கடம்: கருவுறாத முட்டையை ஊசிக்குத்தே, விந்து நுழைந்ததுபோல், விழிக்கச் செய்துவிடலாம். மெடாகா என்னும் சிறு மீனின் முட்டையில் விந்து நுழையும் துளையருகே கிளம்பி எதிர்முனை வரை ஓடும் கால்சியம் அலையை 1970-களில், கால்சியம் பட்டால் ஒளிரும் ஈக்வோரின் புரதத்தின் ஒளியால் பார்த்தார்கள். குத்திய இடத்திலிருந்தும் அலை கிளம்பும்.

யு.பி.எஸ்.ஸும் டியூப்லைட்டும் தரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கம்பிக்கூண்டு அடக்கும். கடைசியில் முனையை வெளியே இழுத்து, பூஜ்ஜியம் 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த முட்டையின் அளவீடு முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும்.