லிங்கொத்தோவில் ஒரு மளிகைக்கடை

இத்தாலியின் துரின் நகரில் லிங்கொத்தோ மெட்ரோ நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர், பழைய ஃபியட் தொழிற்சாலையின் மொட்டைமாடியில் உள்ள கார் ஓட்டப் பாதையைப் பார்க்கவே வருகிறார்கள். நான் அதன் அருகே, ஒரு காலத்தில் கார்ப்பானோ நிறுவனத்தின் வெர்முத் மது தயாரான ஆலைக்குள் 2007 ஜனவரியில் திறக்கப்பட்ட ஈட்டலி என்ற பெரிய உணவுக்கடையைப் பார்க்கப் போனேன்.

அதை நிறுவிய ஆஸ்கர் ஃபரினெத்தி, 1954இல் ஆல்பா என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை பாவ்லோ, இரண்டாம் உலகப் போரில் பாசிசப் படைகளை எதிர்த்துப் போராடியவர்; பின்னாளில் ஆல்பாவில் யூனியூரோ என்ற பல்பொருள் அங்காடியை நடத்தினார். மகன் அதை நாடு முழுவதும் கிளைகள் கொண்ட மின்சாதனக் கடையாக வளர்த்து, 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டிக்சன்ஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டு, கிடைத்த பணத்துடன் உணவு வணிகத்திற்கு வந்தார்.

தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் விற்றவருக்குச் சீஸ் வியாபாரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள், இந்தக் கடையை ஒருமுறை சுற்றிவந்தால் போதும். மின்சாதனக் கடையில் பொருளை இயக்கிக் காட்டி விற்பது போல, இங்கே பாஸ்தா அடுக்கிய அலமாரியை ஒட்டியே அதைச் சமைத்துப் பரிமாறும் மேடை இருக்கிறது. விறகடுப்பில் வெந்த ரொட்டி எதிரிலேயே விற்பனைக்கு வருகிறது. துரின் அமைந்துள்ள பியெமோந்தே வட்டாரத்து மாட்டின் பச்சை இறைச்சியைக் கொத்தி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தட்டில் வைக்கிறார்கள். (எனக்குத் துணிவு வரவில்லை, இறைச்சி பொதிந்த சின்னஞ்சிறு பாஸ்தாவான அஞ்ஞொலொத்தியோடு நிறுத்திக்கொண்டேன். வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டுமே சேர்ந்த அந்தத் தட்டுக்கு எதுவும் ஈடாகாது.) நிலவறையில் மதுப் புட்டிகளும், பதமேறிக்கொண்டிருக்கும் சீஸ் வட்டுகளும் வரிசையாக இருக்கின்றன.

ஆல்பாவுக்குப் பக்கத்து ஊரான பிராவில் கார்லோ பெத்ரீனி தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கம், சரக்குத் தேர்வில் ஃபரினெத்திக்கு ஆலோசனை வழங்கியது. சிறு உற்பத்தியாளர்களைக் காக்கப் பிறந்த இயக்கம் பெருங்கடையோடு கைகோத்தது இத்தாலியர் பலருக்குக் கசந்தது. அந்தக் கசப்பில் நியாயம் உண்டு: விலை சாமானியர் அன்றாடம் வாங்கும் விலையன்று. ஆனால் மலையடிவார ஊர்களின் சீஸ் நகரத்து வாடிக்கையாளரைத் தேடி வருவதற்கு இத்தகைய பெரிய வாசல் தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

2010இல் நியூயார்க் கிளை, பிறகு ரோம், மிலான் எனக் கடை பரவியது. 2017இல் பொலோஞ்ஞாவில் வயலும் கால்நடைகளுமாக ஈட்டலி திறந்த ஃபீகோ உணவுப் பூங்காவுக்கோ எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024இல் பெயரை மாற்றியும் எடுபடவில்லை. அதற்கு முன்பே, 2022இல், ஈட்டலியின் 52 சதவீதப் பங்குகள் இன்வெஸ்டிண்டஸ்ட்ரியல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போய்விட்டன. பொலோஞ்ஞாவில் இல்லாத ஒன்று லிங்கொத்தோவில் இருக்கிறது: வேலை முடிந்து இரவுச் சமையலுக்குக் காய்கறி வாங்க வரும் உள்ளூர்க்காரர்கள்.