மீன் சுட்ட ஓவனின் கண்ணாடிக் கதவைத் துலக்கிய கதை

போன மாதம் ஒரு கேக் நடுவில் அமுங்கிப்போனதில்தான் இது ஆரம்பித்தது. மகளின் பிறந்தநாளுக்காக வைத்த வெண்ணெய் கேக். உள்ளே விளக்கு எரிகிறது, ஆனால் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மார்கழிப் பனியில் வயலைப் பார்ப்பது மாதிரி மங்கலாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். மேல்பக்கம் சிவந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அதற்குள் நடுப்பகுதி இறங்கிவிட்டது. மாவு இறுகுவதற்கு முன் சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழிகள் சுருங்கிவிடும், அப்புறம் அது எழும்பாது. குழந்தை ஒன்றும் சொல்லவில்லை, பள்ளத்தை க்ரீம் போட்டு நிரப்பி வெட்டினோம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

எங்கள் ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) 28 லிட்டர், வாங்கி 4 வருஷம் ஆகிறது. கேக்குக்காக வாங்கியதுதான். ஆனால் நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு மீன் சுடாமல் இருக்க முடியுமா? வாரம் ஒரு நாள் மத்தியோ கொடுவாவோ மசாலா தடவி உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டும். மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மூடிவிடுவேன். அப்படித் துடைத்ததுபோக மிஞ்சியதெல்லாம் சேர்ந்து தேன் நிறத்தில் ஒரு படலமாகியிருந்தது. கீழ் மூலைகளில் கிட்டத்தட்டக் கறுப்பு.

சனிக்கிழமை காலை

ஆப்பசோடாவைத் தூவி, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும், அழுக்கு போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதையே முதலில் செய்தேன். நன்றாகத்தான் நுரைத்தது. நுரை அடங்கியதும் துடைத்தால் கறை அப்படியே இருக்கிறது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது காரணம் புரிந்தது. சோடா காரம், எலுமிச்சை அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். வெளியே வரும் நுரை வெறும் கரியமில வாயு. மிஞ்சுவது உப்புத்தண்ணீர் மாதிரி ஒன்று. பிசுக்கைப் பிடிக்க வேண்டிய காரத்தை நானே எலுமிச்சை ஊற்றிக் கொன்றிருக்கிறேன். இரண்டுமே உபயோகமான பொருள்கள்தான், ஆனால் தனித்தனியாக, வேறு வேறு வேலைக்கு.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "ஏம்மா, இதுக்கா இவ்வளவு யோசனை? ரைஸ்மில்லுல உமிச்சாம்பல் வாங்கிட்டு வரச் சொல்லு. தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்." குத்துவிளக்கு, பித்தளைக் குடம் எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய கை அது. அந்தப் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது.

"கண்ணாடி கீறிடுமோன்னு பயமா இருக்கு அத்தை. முதல்ல ஊறுகாய் பாட்டில்ல பாத்துக்கலாமா?" என்றேன். அவர்களும் சரி என்றார்கள்.

சாம்பலை ஈரத்துணியில் தொட்டு, காலி பாட்டிலின் ஒரு பக்கத்தை இருபது தடவை தேய்த்தோம். கழுவிவிட்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், தலைமுடி போல மெல்லிய கீறல்கள், தேய்த்த திசையிலேயே வட்டம் வட்டமாக. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கூடவே களத்து மணலும் கொஞ்சம் கலந்திருக்கும். மணல் கண்ணாடியைவிடக் கடினம். பித்தளைக்கு அந்த உரசல் மெருகு, கண்ணாடிக்குக் காயம். ஓவன் கதவில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. அதன் மேல்பரப்பு எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும், அதுதான் அதற்கு பலம். ஆழமாகக் கீறல் விழுந்தால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடலாம். கம்பி நாரும் பிளேடும் அப்போதே பட்டியலிலிருந்து போய்விட்டன.

அந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, ஓவன் கதவிலிருந்த கறையைக் காட்டி அத்தை சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "தோசைக்கல்லுல பிடிச்சிருக்குமே, அந்த மாதிரியில்ல இருக்கு இது." நூற்றுக்கு நூறு உண்மை. தோசைக்கல்லைப் பழக்கும்போது என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவிச் சூடு காட்டுகிறோம், மறுபடி தடவுகிறோம். எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வார்னிஷ் மாதிரி ஒரு தோலாகிவிடுகிறது. கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவதும் இதே விஷயம்தான். மீன் எண்ணெயும் அந்த ஜாதி, சீக்கிரம் இறுகும். மத்தியில் அது ரொம்ப அதிகம். தேங்காய் எண்ணெய் அவ்வளவு லேசில் இறுகாது. ஆக, என் கண்ணாடியில் இருப்பது அழுக்கில்லை. நன்றாகப் பழக்கப்பட்ட ஒரு தோசைக்கல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. தோசைக்கல்லின் தோல் எதற்கு உரியும்? ஒரு ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் உரிந்துவிடும், அதனால்தானே ஊறப்போடாதே என்று திட்டுவார்கள். அப்படியானால் இங்கேயும் ஊறத்தான் வேண்டும்.

சனி இரவு

பிளக்கைக் கழற்றினேன். ஓடிஜி கதவு கீழ்ப்பக்கமாக மடங்கித் திறக்கும் வகை என்பதால் மேசை மாதிரி படுக்கையாக நிற்கும், பூசியது வழியாது. கீல் பாரம் தாங்காது என்று அடியில் ஒரு பலகையை முட்டுக்கொடுத்தேன். அரை கப் ஆப்பசோடாவில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், இட்லி மாவைவிடக் கெட்டியாக. கண்ணாடி முழுக்கப் பூசி, மேலே நனைத்த பழைய பனியன் துணி, அதற்கு மேல் பாலிதீன் தாள். இந்த மூடாக்கு முக்கியம். ஃபேன் காற்றில் சோடா ஒரு மணி நேரத்தில் காய்ந்து பொடியாகிவிடும், காய்ந்தால் வேலை செய்யாது. ஹீட்டர் கம்பிகள் பக்கம் எதையும் கொண்டுபோகவில்லை.

ஞாயிறு காலை

தாளை எடுத்ததும் தெரிந்தது. வெள்ளையாகப் பூசியது டீத்தூள் நிறமாகியிருந்தது. பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் துடைக்க, நடுப்பகுதி கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தால் வழுவழுவென்று கண்ணாடி. மூலைகளும் கீழ்விளிம்பும் மட்டும் அசையவில்லை. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது.

ஆப்பசோடா ரொம்ப மென்மையான காரம், காரத்தின் வேகத்தைச் சொல்லும் பி.ஹெச். அளவு அதற்கு 8-க்குக் கொஞ்சம் மேலே. சலவைச் சோடா 11 பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை. ஆனால் ஆப்பசோடாவைச் சுட்டால் அதுவே சலவைச் சோடா ஆகும் என்பது பள்ளியில் படித்தது. தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறிவிடும். கணக்குப்படி 100 கிராம் போட்டால் 63 கிராம் நிற்க வேண்டும். கதவை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அதே ஓவனில், எவர்சில்வர் தட்டில் 100 கிராம் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். ஆறியதும் கேக் தராசில் நிறுத்தேன். 64. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அத்தையைக் கூப்பிட்டுத் தராசைக் காட்டினேன். பொடியும் மாறியிருந்தது: ஆப்பசோடா பட்டு மாதிரி நெருங்கி உட்காரும், இது மங்கலாக, கோலமாவு மாதிரி உதிரியாக இருந்தது.

இதைக் கையாள்வதில் கவனம் வேண்டும். கையுறை கட்டாயம். கதவு ஓரத்து அலுமினியப் பட்டையில் பட்டால் கறுத்துவிடும் என்பதால் அதன்மேல் டேப் ஒட்டினேன். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்து, கண்ணாடி முழுசாக ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மூலைகளில் போட்டேன். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடுதான். 45 நிமிடம்.

பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டைச் சாய்த்து வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். அந்தப் படலம் ஊறிய புளியங்கொட்டைத் தோல் மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. அடியில் நான்கு வருஷத்துக்கு முந்தைய கண்ணாடி. கீழ்விளிம்புக்கு மட்டும் இன்னொரு முறை துணி போட வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலை

கழுவிக் காயவிட்டுப் பார்த்தால் புதுசாக ஒரு வெள்ளைப் பூச்சு. ஒரு நிமிடம் கண்ணாடியே கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். இல்லை, எங்கள் போர் தண்ணீர்தான் காரணம். கடற்கரை ஊர், சோப்பு நுரைக்காத தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சலவைச் சோடாவோடு சேர்ந்தால் வெள்ளையாகப் படியும். இங்கேதான் எலுமிச்சைக்கு வேலை வந்தது. அரை மூடியைக் கண்ணாடிமேல் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டதும் கரைந்துவிட்டது. கடைசித் துடைப்புக்குக் குடிக்க வைத்திருந்த கொள்ளிடத் தண்ணீரை ஒரு சொம்பு எடுத்துக்கொண்டேன். குழாயில் அது வரும் நேரம் பார்த்துப் பிடித்து வைக்கிற வீட்டில் ஒரு சொம்பு என்பது சும்மா இல்லை. ஆனால் காய்ந்தபிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

மூன்று வாரம் கழித்து

இதுவரை மூன்று தடவை மீன் சுட்டாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும்போதே, பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் வெறும் ஈரத்துணி. அன்றைய எண்ணெய் அன்றைக்கு வெறும் எண்ணெய்தான், இரண்டே நிமிடத்தில் வந்துவிடுகிறது. கொதிக்கும் சூட்டில் மட்டும் ஈரம் படக்கூடாது, விரிசல் விடும்.

வலதுபக்கக் கீழ்மூலையில், சட்டத்துக்கு அடியில் போகிற இடத்தில், ஒரு கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் அதற்குள் போக முடியும். ஒரு ஸ்க்ரூ உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கிறது, இப்போதைக்குத் தொடவில்லை.

நேற்று வெண்ணெய் பிஸ்கட் வைத்தேன். கதவைத் திறக்கவே இல்லை. 14-வது நிமிடம் ஓரங்கள் சிவக்க ஆரம்பித்ததை அத்தைதான் முதலில் பார்த்துச் சொன்னார்கள்.