காவேரி பட்டியலில் என் பெயர்

சூடான் தலைநகர் கார்ட்டூமை ஒட்டி, நீல நைலின் அக்கரையில் இருக்கும் பஹ்ரியில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். 2023 ஏப்ரல் 15ஆம் தேதி காலை சண்டை மூண்டபோது குடியிருப்பில் பதினொரு இந்தியர்கள் இருந்தோம். முந்தைய நாள் தமிழ்ப் புத்தாண்டு என்பதால் பாத்திரத்தில் கொஞ்சம் பாயசம்கூட மிச்சமிருந்தது.

2021 அக்டோபரில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பையும் நான் அங்கிருந்தே பார்த்தவன் என்பதால், இதுவும் இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னேன். அது தப்புக்கணக்கு. அன்று ராணுவத் தளபதி புர்ஹானும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படையின் தலைவர் ஹெமெட்டியும் ஒரே பக்கம் நின்றார்கள். இப்போதோ, துணைப்படையை ராணுவத்தோடு இரண்டு ஆண்டுகளில் இணைப்பதா பத்து ஆண்டுகளில் இணைப்பதா என்ற தகராறு முற்றி, இருவரும் நகரின் நடுவே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே விமான நிலையத்தில் நின்ற விமானங்கள் தீப்பிடித்தன. பஹ்ரியின் குடிநீர் நிலையமும் அன்றே நின்றுபோனது. எங்கள் மாடித் தொட்டியில் துடைப்பக் குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம்.

தூதரகத்திலிருந்து வந்த அறிவிப்புகள் சுருக்கமாக இருந்தன: வெளியே வராதீர்கள், பெயரைப் பதிவு செய்யுங்கள், உணவையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழியுங்கள். இணையம் கிடைத்த ஒரு நள்ளிரவில் பதினொரு பேரின் விவரங்களையும் நான் பதிவு செய்தேன். தூதரகக் கட்டடமே விமான நிலையத்துக்கு அருகில், சண்டை நடக்கும் பகுதியில் இருந்ததால், அதிகாரிகள் வேறு இடங்களிலிருந்து போனிலும் வாட்ஸ்அப்பிலும் வேலை பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்செயலாளரைச் சந்தித்தார் என்ற செய்தியை 20ஆம் தேதி படித்துக்காட்டியபோது, "அவரைப் பார்த்தால் நம் தொட்டியில் தண்ணீர் ஏறுமா?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார். 22ஆம் தேதி சவூதி அரேபியா தன் மக்களையும், சில இந்தியர்கள் உட்படப் பன்னிரண்டு நாட்டினரையும் கப்பலில் மீட்டது. அடுத்து அமெரிக்கா தன் தூதரக அதிகாரிகளை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்றது. நாங்கள் மட்டும் ஏன் கிடக்கிறோம் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எழுதித் தீர்த்தோம். அமெரிக்கா அந்தப் பயணத்தில் தன் சாதாரணக் குடிமக்களை ஏற்றவில்லை என்பதையோ, நகரெங்கும் சிதறிக் கிடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை வெளியேற்ற இரு படைகளின் வாய்வார்த்தையும், ஜித்தாவில் நம் விமானப்படை இறங்க சவூதியின் அனுமதியும் ஒரே சமயத்தில் கைகூட வேண்டும் என்பதையோ அப்போது யோசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

அதே வாரம் கர்நாடகத் தேர்தல் களத்திலும் எங்கள் நிலை பேச்சுப்பொருளானது. யார் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்று பொதுவெளியில் எழுதாமல் இருந்தால் போதும் என்றே எனக்குப் பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர், பேருந்து வரக்கூடிய இடம் என்று ஒரு வரைபடக் குறியை அனுப்பிவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் ஒருங்கிணைப்பாளர் அதை அழித்துவிட்டு, நேரிலே திட்டுவதுபோல் குரல்பதிவு அனுப்பினார். டீசல் நிரப்பிய பேருந்தும், கையில் டாலர் வைத்திருக்கும் வெளிநாட்டினரும் ஒரே இடத்தில் நிற்பார்கள் என்று தெரிந்தால் கொள்ளைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

24ஆம் தேதி, சூடானிலிருந்து இந்தியர்களை மீட்கும் காவேரி நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு அந்தப் பெயர் என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அன்று நள்ளிரவு 72 மணி நேரப் போர்நிறுத்தம் தொடங்கியது. எங்களை ஏற்றிச்செல்ல வந்த பேருந்தின் ஓட்டுநர் பணம் கேட்கவில்லை, டீசல் கேட்டார். தொழிற்சாலை ஜெனரேட்டரின் தொட்டியிலிருந்து குழாயை வாயால் உறிஞ்சி மூன்று பீப்பாய் நிரப்பிக் கொடுத்தோம். ஜித்தா போய்ச் சேரும்வரை என் நாக்கில் அந்த வாடை போகவில்லை.

25ஆம் தேதி விடியற்காலை வடக்கு நோக்கிக் கிளம்பினோம். ஜெய்லி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டும்வரை ஆர்.எஸ்.எஃப். சாவடிகள், அதற்கப்பால் ராணுவச் சாவடிகள். அரபியில் இந்தியனுக்கு 'ஹிந்தி' என்று பெயர். இந்தியில் பத்துவரை எண்ணத் தெரியாத நான், அன்று ஒன்பது சாவடிகளில் "அனா ஹிந்தி" என்று சொல்லியிருக்கிறேன். இரு தரப்பும் அந்தச் சொல்லைக் கேட்டதும் துப்பாக்கி முனையைக் கொஞ்சம் தாழ்த்தின. எவர் பக்கமும் சாயாமல் இருவரோடும் டெல்லி பேசிக்கொண்டிருந்ததன் பலனை நான் அந்த இரண்டு அங்குலத்தில்தான் பார்த்தேன். ஷெண்டி, அட்பாரா வழியாகப் போர்ட் சூடானை அடைய ஒன்றரை நாள் ஆனது.

அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. எங்களில் ஒன்பது பேரின் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்கென்று நிறுவனம் வாங்கிக் கார்ட்டூம் அலுவலகப் பெட்டகத்தில் வைத்திருந்தது. அதற்குப் பொறுப்பான நிர்வாக அதிகாரி முதல் நாளே போனை அணைத்துவிட்டார். துறைமுகத்தில் இந்திய அதிகாரிகள் அமைத்திருந்த கட்டுப்பாட்டு அறையில், பாஸ்போர்ட் நகலையும் புகைப்படத்தையும் காட்டி அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு சூடான் குடியேற்றத் துறையின் வெளியேற்ற முத்திரை. எட்டுப் பேருக்கு நகல் போனில் இருந்தது. ஒன்பதாமவருக்கு எதுவும் இல்லை. அவர் மனைவி ஊரிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் படம்பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் வந்ததும்தான் சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

சுமேதா போர்க்கப்பல் 25ஆம் தேதியே 278 பேருடன் முதல் பயணத்தை முடித்திருந்தது. எங்களுக்கு 27ஆம் தேதி பிற்பகல் இடம் கிடைத்தது. கப்பலின் மேல்தளத்தில் தார்ப்பாய் விரித்து இரவைக் கழித்தோம். ஜித்தாவில் இந்தியப் பள்ளி ஒன்றின் வகுப்பறைகளில் மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே படுக்க நேரமில்லை. 28ஆம் தேதியே பெங்களூரு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இறங்கியதும் சுகாதார அதிகாரிகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். என் அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பின்னடிக்கப்பட்டு அந்தப் பெட்டகத்தில் இருந்தது. அட்டை இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தும் விதியின்படி என்னையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் கொட்டியது; கை தானாகவே அதை மூடியது.

இரண்டாம் நாள் மாலை, பதினைந்து நாளாக அணைந்திருந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றார் நிர்வாக அதிகாரி. எப்போது வேலைக்குத் திரும்புவேன் என்றும் கேட்டார்.