உட்கார விடாத சேணம்

மங்கோலியச் சேணத்தை முதலில் பார்த்தபோது, குழந்தை நாற்காலியின் கால்களை வெட்டிக் குதிரை மேல் கட்டியதுபோல் இருந்தது. அடிக்கூடு முழுக்க மரம். முன்னும் பின்னும் செங்குத்தாக எழும்பி, நடுவில் ஓர் ஆள் நெருக்கி அடங்கும் பள்ளம். மேலே பேருக்கு ஒரு மெத்தை. இரு பக்கமும் பளபளக்கும் உலோகக் குமிழ்கள். அழகுக்கு என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் என் தொடைகள் வேறு சேதி சொல்லின.

குதிரையேற்றம் எனக்குப் புதிதல்ல. ஐரோப்பியத் தோல் சேணத்தில் ஒரு வருடம் பழகியவன். முதுகை நிமிர்த்தி ஆழமாக உட்கார்ந்தேன். கால் ஊன்றும் அங்கவடியின் வாரோ குட்டை; முழங்கால் மடங்கியே கிடந்தது. குதிரை துள்ளுநடை எடுத்ததும் ஒவ்வொரு அடிக்கும் மரம் என்னைத் தூக்கிப் போட்டது. துணைக்கு வந்த மேய்ப்பருக்கு அறுபது வயதிருக்கும். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "ஏன் உட்கார்ந்துகொண்டே வருகிறீர்கள்?"

அப்போதுதான் அவரைக் கவனித்தேன். அங்கவடியில் எழுந்து நின்று, இடுப்பைச் சற்றே ஒருக்களித்து, ஒற்றைக் கையில் லகானோடு வந்துகொண்டிருந்தார். கீழே குதிரை குலுங்குகிறது. அவர் தோள் அசையவில்லை. நானும் எழுந்து நின்றேன். வலி குறையவில்லை, இடம் மாறியது.

என் குதிரையின் பெயரைக் கேட்டதற்கு "சாரல்" என்றார். மழைச்சாரல் என்று நான் உருகிப்போக, அது சாம்பல் நிறத்துக்கான மங்கோலியச் சொல்லாம். பெரும்பாலும் குதிரைக்குத் தனிப் பெயர் வைப்பதில்லை. நிறத்தையும் அடையாளத்தையும் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். கிளப்புவதற்கு "ச்சூ". என் "ச்சூ"வைச் சாரல் ஒருமுறைகூட மதிக்கவில்லை.

தலைநகர் உலான்பாத்தருக்குக் கிழக்கே குதிரை மேல் அமர்ந்திருக்கும் 40 மீட்டர் உயரச் செங்கிஸ் கான் சிலைக்கும் போனேன். குதிரைத் தலை வரை ஏறலாம். ஏறினேன், இறங்கினேன்.

மங்கோலியாவின் தேசியத் திருவிழாவான நாதம் ஜூலை 11 அன்று தொடங்குகிறது. அங்கே குதிரைப் பந்தயம் வட்டத் தடத்தில் அல்ல, திறந்த புல்வெளியில். குதிரையின் வயதைப் பொறுத்துத் தூரம் மாறும். ஓட்டுபவர்கள் சிறுவர் சிறுமியர். அந்த வேகத்தில் அவ்வளவு சின்ன உடல்களைப் பார்த்து என்னால் கைதட்ட முடியவில்லை. வென்ற குதிரை வந்ததும் கூட்டம் பாய்ந்து அதன் வியர்வையைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டது, அதிர்ஷ்டமாம். எனக்குப் பிடித்தது வேறு. இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயத்தில் கடைசியாக வருவதற்கு "பயான் ஹோதோத்", அதாவது நிறைந்த வயிறு என்று பட்டம் கொடுத்து, அடுத்த ஆண்டு நீயே முந்துவாய் என்று வாழ்த்திப் பாடுகிறார்கள்.

கடைசி நாள் ஹுஸ்தாய் தேசியப் பூங்கா. 1960-களின் இறுதியில் காட்டிலிருந்து மறைந்துபோன தாக்கி என்னும் காட்டுக் குதிரையை, மிருகக்காட்சி சாலைகளில் பிழைத்திருந்த வம்சத்திலிருந்து 1992-இல் இங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தி சாயும் வேளையில் ஏழெட்டு குதிரைகள் சரிவில் இறங்கின. மண் நிற உடல், விறைத்து நிற்கும் குட்டைப் பிடரி. மற்றவர்கள் புல்லில் அமர்ந்து தொலைநோக்கியைக் கைமாற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் நின்றபடியே பார்த்தேன். உட்காரும் நிலையில் இல்லை.