கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

செப்டம்பர் 6, 2025

சிங்கப்பூர் யீஷூனில் அக்கா வீட்டு விருந்து. அத்தனை பேர் நடுவே ஒரு பெரியம்மா என் மகளின் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கழுத்தெல்லாம் இவ்வளவு அழுக்கு? பயத்தமாவு போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளி" என்றார். அவளுக்கு 15 வயது. அதற்குப் பிறகு அவள் சாப்பிடவே இல்லை. தினமும் இரண்டு வேளை குளிக்கிற பிள்ளை.

மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, நிறைய பேருக்கு இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 13

பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. அக்குளிலும் உண்டா என்று கேட்டார். உண்டு. இதற்குப் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்.

அவர் விளக்கியது இது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கணையம் ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிவிட, அவை வேகமாகப் பெருகுகின்றன. மடிப்புள்ள இடங்களில் தோல் தடித்துக் கறுப்பது அதனால்தான். தேய்த்தால் போகாது. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் எரிச்சலாகி இன்னும் கறுக்கும். சில மருந்துகளாலும், அபூர்வமாக வேறு நோய்களாலும் வரலாமாம். அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி.

ரத்தம் எடுத்தார்கள். எங்கள் இரண்டு பக்கத்திலும் சர்க்கரை நோய் உண்டு.

செப்டம்பர் 21

ரிசல்ட் வந்துவிட்டது. சர்க்கரை நோய் இல்லை. அப்பாடா! ஆனால் எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். வளரும் வயசு, பட்டினி கூடாது என்றும் அழுத்திச் சொன்னார்கள்.

புரட்டாசி மாதம், வீட்டில் சைவம். சைவம் என்றாலே உடம்புக்கு நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தட்டைப் பாருங்கள்: மலைபோல் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். கறி போனதே தவிர, இன்சுலினை ஏற்றுகிற மாவுச்சத்து கூடித்தான் போயிருக்கிறது. இன்று தேக்கா சந்தையில் வெண்டைக்காய், கீரை, கொண்டைக்கடலை, டோஃபு வாங்கினேன். பொரியலும் சுண்டலும் முதலில், சோறு அப்புறம், அதுவும் தட்டில் கால் பங்கு. காயும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

செப்டம்பர் 28

சோற்றைவிடப் பெரிய சிக்கல் குடிப்பதில் இருக்கிறது. காப்பிக்கடை தேயில் (தேநீரில்) ஊற்றுகிற கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. பள்ளி விட்டதும் ஒரு பபிள் டீ, இரவு டியூஷன் முடிந்து ஒரு பாக்கெட் பானம். 2022 இறுதியிலிருந்து பாக்கெட்டுகளிலும், ஓராண்டு கழித்து கடையில் கலந்து தரும் பானங்களிலும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டது. சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து பானத்துக்கு 'ஏ' முதல் 'டி' வரை போடும் தர எழுத்து அது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. மகளே இப்போது அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். தே சி கொசோங், அதாவது சர்க்கரை போடாத பால் தேநீர், முதலில் கசந்தது. இப்போது பழகிவிட்டது.

அக்டோபர் 5

"பருவும் இதனாலதானாம்மா?" என்று கேட்டாள். ஓரளவு ஆமாம். இன்சுலின் கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் அதிகமாக வேலை செய்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பரு இருந்த இளைஞர்களில் ஒரு பிரிவினர் 12 வாரம் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டார்கள். வழக்கம்போல் சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. ஆனால் பரு எல்லாமே சாப்பாட்டால் வருவதில்லை. பரம்பரையும் பருவ வயது ஹார்மோனும் உண்டு. பிள்ளையைக் குற்றவாளியாக்கக் கூடாது.

இன்னொன்றையும் அவளிடம் தெளிவாகச் சொன்னேன். பிறவி நிறம் எந்தச் சாப்பாட்டாலும் வெளுக்காது, வெளுக்கவும் வேண்டாம். கேரட்டும் பப்பாளியும் அளவுக்கு மீறித் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். நாம் மாற்றப் பார்ப்பது இன்சுலினை.

அக்டோபர் 12

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் உண்டு. ஒருநாள் பலகாரத்தைப் பிடுங்கி அவளை வதைக்க மாட்டேன். தினசரி பானங்கள்தான் என் கவலை.

கழுத்தில் இன்னும் பெரிய மாற்றம் தெரியவில்லை. எடையும் இன்சுலினும் குறையக் குறைய, மாதக்கணக்கில்தான் வெளிறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனை டிசம்பரில், பள்ளி விடுமுறையில். உங்கள் பிள்ளையின் கழுத்தும் இப்படி இருந்தால் தேய்க்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.